128 பைட்டில் ஒரு திரை

2007 வாக்கில் வெளிவந்த ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். 15.4 அங்குல அகலத் திரை, இன்டெல் கிராஃபிக்ஸ், இரண்டு ஜிபி நினைவகம். விண்டோஸின் புதிய பதிப்புகள் இதை எப்போதோ கைகழுவிவிட்டன. டெபியனோ எம்எக்ஸ் லினக்ஸோ போட்டால் இன்றும் நன்றாகவே ஓடும். ஆனால் நிறுவி முடித்து டெஸ்க்டாப் வந்ததும் கண்ணை ஏதோ உறுத்துகிறது. எழுத்துகள் தடித்து, விளிம்பு கலங்கி நிற்கின்றன. வட்டமாக இருக்க வேண்டிய கடிகாரச் சின்னம் பக்கவாட்டில் உப்பியிருக்கிறது. டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்தால் 1024×768 என்று ஒரே ஒரு வரி. வேறு தேர்வே இல்லை.

திரையின் உண்மையான அளவு 1280×800. அகலத்தில் 1024 பிக்சல் 1280 ஆக விரிந்தால் 1.25 மடங்கு. உயரத்தில் 768 பிக்சல் 800 ஆக விரிந்தால் 1.04 மடங்குதான். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.2. ஆகவே திரையில் வரும் ஒவ்வொரு வட்டமும் உயரத்தைவிட 20 சதவீதம் அகலமாக இருக்கும். கடிகாரச் சின்னத்தின்மேல் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

பலர் இந்தக் கட்டத்தில் திரை பழசாகிவிட்டது என்று முடிவுகட்டி லேப்டாப்பைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. அந்தக் கண்ணாடியில் 10,24,000 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்பிக்சல்கள், மொத்தம் 30,72,000. அவை அத்தனையும் ஒழுங்காக வேலை செய்கின்றன. தான் எத்தனை பிக்சல் கொண்டவள் என்று திரை சொல்லும் செய்தி மட்டும் கணினியின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் செய்தி எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

முதலில், விரிப்பதால் ஏன் எழுத்து கலங்க வேண்டும்? பழைய படக்குழாய் மானிட்டர்களில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. எலெக்ட்ரான் கற்றை ஒரு வரியில் 640 முறையும் மாறலாம், 1024 முறையும் மாறலாம். குழாய் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். எல்சிடி திரையில் பிக்சல்கள் கண்ணாடியில் பதிக்கப்பட்டவை, அவற்றின் எண்ணிக்கை மாறாது. 1024-ஐ 1280-இல் காட்டுவது நான்கு பேருக்குச் சமைத்ததை ஐந்து இலையில் பரிமாறுவது போல. ஓர் இலைக்கும் முழுப் பங்கு கிடைக்காது. அக்கம்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்துதான் போட முடியும். அந்தக் கலப்புதான் நம் கண்ணுக்குக் கலக்கமாகத் தெரிகிறது. தமிழ் எழுத்தில் இது இன்னும் கொடுமை. ஒற்றெழுத்தின் புள்ளி, சிறிய அளவில், ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அது கலங்கினால் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகமாகிவிடும்.

திரை தன் அளவை எப்படிச் சொல்கிறது? 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ இணைப்பைக் கொண்டுவந்தபோது, கேபிளின் மறுமுனையில் இருக்கும் மானிட்டர் எப்படிப்பட்டது என்பது கணினிக்கு விவரமாகத் தெரியாது. லினக்ஸின் ஆரம்ப நாட்களில் மானிட்டர் கையேட்டைப் பிரித்து, அதன் அதிர்வெண் எல்லைகளைப் பயனரே ஒரு கோப்பில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. தவறான எண் மானிட்டரையே கெடுத்துவிடலாம் என்று அந்நாளைய ஆவணங்கள் எச்சரித்தன. சில பழைய மானிட்டர்களுக்கு அது உண்மையும்கூட.

1994-இல் வெசா என்ற தரநிலை அமைப்பு இதற்கு ஒரு வழி செய்தது. மானிட்டருக்குள் ஒரு சிறு நினைவகச் சில்லு. அதில் 128 பைட் தகவல். அதன் பெயர் ஈடிஐடி. கணினி கேட்டால் மானிட்டர் இந்த 128 பைட்டை அப்படியே ஒப்பிக்கும். கேட்பதற்கு இரண்டே கம்பிகள் போதும்: விஜிஏ இணைப்பில் 12-ஆம், 15-ஆம் ஊசிகள். பிலிப்ஸ் நிறுவனம் தன் மின்னணுச் சாதனங்களின் உள்தொடர்புக்காக உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி என்ற எளிய முறையே இதற்கும் பயன்பட்டது. லேப்டாப்பில் இதே இரண்டு கம்பிகள், திரையையும் மதர்போர்டையும் இணைக்கும் மெல்லிய கேபிளில், கீல் வழியாகப் போகின்றன. மூடி மூடித் திறந்து அந்தக் கேபிள் நைந்தால் படம் வந்துகொண்டே இருக்க, இந்தக் கம்பிகள் மட்டும் அறுந்துபோவதும் உண்டு.

அந்த 128 பைட்டைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். லினக்ஸில் எல்லாமே கோப்பு. திரை சொன்ன பதிலும் கெர்னலின் சிஸ் அடைவுக்குள், டிஆர்எம் பகுதியில், லேப்டாப் திரையின் இணைப்பைக் குறிக்கும் எல்விடிஎஸ்-1 என்ற பெயரின் கீழ் ஒரு கோப்பாகக் கிடக்கிறது. தசம எண்களாக விரித்தால் முதல் எட்டு: 0, 255, 255, 255, 255, 255, 255, 0. இது ஈடிஐடிதான் என்பதற்கான முத்திரை. அடுத்த இரண்டு பைட்டுக்குள் மூன்று ஆங்கில எழுத்துகள், எழுத்துக்கு ஐந்து பிட் வீதம் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கும். அதுதான் பேனல் தயாரித்தவரின் குறியீடு. இன்னும் சற்றுத் தள்ளி தயாரிப்பு ஆண்டு. 1990-லிருந்து எத்தனையாவது ஆண்டு என்று எழுதுவது வழக்கம். அங்கே 17 என்றிருந்தால் 2007. பிறகு அகலமும் உயரமும் சென்டிமீட்டரில்: 33, 21.

நமக்கு வேண்டிய விஷயம், பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால், 54-ஆம் பைட்டில் தொடங்குகிறது. 1280×800 பேனலில் அந்த இடத்தில் இப்படி ஒரு வரிசை இருக்கலாம்: 188, 27, 0, 160, 80, 32, 23, 48. முதல் இரண்டும் பிக்சல் கடிகாரம். 27-ஐ 256-ஆல் பெருக்கி 188-ஐக் கூட்டினால் 7100. அலகு பத்து கிலோஹெர்ட்ஸ், ஆகவே 71 மெகாஹெர்ட்ஸ், விநாடிக்கு 7.1 கோடி பிக்சல் அனுப்பு என்கிறது திரை. அடுத்த மூன்றும் அகலம். 80 என்பது 16-ஐ ஐந்தால் பெருக்கியது. அந்த 5-ஐ 256-ஆல் பெருக்கி, முன்னால் இருக்கும் 0-ஐக் கூட்டினால் 1280. நடுவில் உள்ள 160, வரிக்கு வரி விடும் வெற்று இடைவெளி. அதேபோல் 48-க்குள் 16 மூன்று முறை; 3×256 + 32 = 800. வெற்று வரிகள் 23.

இவ்வளவையும் சேர்த்தால் ஒரு வரிக்கு 1440 துடிப்பு, ஒரு முழுப் படத்துக்கு 823 வரி. 7.1 கோடியை 1440×823-ஆல் வகுத்துப் பாருங்கள்: 59.91. விநாடிக்கு அறுபது படம் என்று நாம் பொதுவாகச் சொல்வது இதைத்தான். வெற்று இடைவெளி படக்குழாய்க் காலத்தின் எச்சம். கற்றை ஒரு வரியை முடித்து அடுத்ததன் தொடக்கத்துக்குத் திரும்ப அன்று நேரம் தேவைப்பட்டது. எல்சிடியில் திரும்ப வேண்டிய கற்றை எதுவும் இல்லை. ஆனாலும் இடைவெளி அளவில் சுருங்கித் தொடர்கிறது. கடைசி, அதாவது 128-ஆவது பைட், சரிபார்ப்புக்கு: எல்லாப் பைட்டையும் கூட்டினால் வரும் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரு பிட் கெட்டாலும் கணக்கு உதைக்கும்.

இத்தனை தெளிவாகத் திரை சொல்லும்போது 1024×768 எங்கிருந்து முளைத்தது? அதற்கு இன்டெல் 855, 915 சிப்செட்டுகளின் காலத்துக்குப் போக வேண்டும்.

அன்றைய லினக்ஸில் ஐ810 என்ற டிரைவர், திரையின் அளவை மாற்ற வேண்டுமென்றால் நேரடியாகச் சிப்பிடம் பேசாது. லேப்டாப்புக்குள் இருக்கும் வீடியோ பயாஸை அழைத்து, இந்த மோடுக்கு மாற்று என்று கேட்கும். வீடியோ பயாஸிடம் ஓர் அட்டவணை உண்டு: 640×480, 800×600, 1024×768 எனப் பழைய 4:3 அளவுகள். லேப்டாப் நிறுவனங்கள் அகலத் திரைக்கு மாறியபோது பலவற்றில் இந்த அட்டவணையில் 1280×800-ஐச் சேர்க்கவே இல்லை. விண்டோஸுக்கான டிரைவர் சிப்பிடமே நேரடியாகப் பேசியதால் யாருக்கும் இது தட்டுப்படவில்லை. லினக்ஸ் போட்டவர்களுக்கு மட்டும் திரை 1280 என்று சொன்னது, பயாஸ் அப்படி ஓர் அளவே கிடையாது என்றது.

அதற்கு வந்த வைத்தியம் அபாரமானது. கணினி தொடங்கும்போது வீடியோ பயாஸ் நினைவகத்தின் 768 கிலோபைட் முகவரிக்குப் பிரதியெடுக்கப்படுகிறது. 915ரெசல்யூஷன் என்ற சிறு நிரல் அந்தப் பிரதியைத் துழாவி, அட்டவணையில் யாருக்கும் வேண்டாத ஒரு பழைய அளவை அழித்து, அந்த இடத்தில் 1280×800-ஐ எழுதியது. பிரதியைத்தான் மாற்றியது, மூலத்தை அல்ல. ஆகவே ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் மீண்டும் எழுத வேண்டும். 2007-இல் கீத் பேக்கார்ட், எரிக் அன்ஹோல்ட் உள்ளிட்ட இன்டெல் நிரலாளர்கள், பயாஸைக் கேட்காமல் சிப்பை நேரடியாக இயக்கும் டிரைவரைக் கொண்டுவந்தார்கள். 2009 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.29 கெர்னலில் இந்தப் பொறுப்பு கெர்னலுக்கே மாறியது. ஜெஸ்ஸி பார்ன்ஸ், டேவ் ஏர்லி ஆகியோரின் உழைப்பு அதில் பெரியது. இந்த ஏற்பாட்டுக்கு கேஎம்எஸ் என்று பெயர்.

அது வேலை செய்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கணினி தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஓடும் வரிகளைக் கவனியுங்கள். அவை திரையில் ஓடாமல் சின்னப்படம் மட்டும் வந்தால், கிரப் என்ற தொடக்க மெனுவில் குவயட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்களையும் ஒரு முறைக்கு எடுத்துவிடுங்கள். முதலில் எழுத்து பெரிதாக இருக்கும். ஓரிரு விநாடியில் திரை ஒருமுறை சிமிட்டும்; எழுத்து சட்டென்று சிறுத்துக் கூர்மையாகும். கிராஃபிக்ஸ் டிரைவர் திரையின் ஈடிஐடியைப் படித்து, பொறுப்பை எடுத்துக்கொண்ட நொடி அது. சிமிட்டவே இல்லையென்றால், டிரைவர் வரவே இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்றைக்குப் பழைய லேப்டாப்பில் தெளிவுத்திறன் பிரச்சினை என்று வருபவற்றில் பெரும்பகுதி இப்படி டிரைவர் வராததுதான். இதற்கு அடிக்கடி காரணம் ஒரே ஒரு சொல்: நோமோட்செட். நிறுவும்போது திரை கறுப்பாகிவிட்டால் கிரப்பில் இந்தச் சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள். அது கேஎம்எஸ்ஸை முடக்கி, நிறுவலை முடிக்க உதவும். பிறகு அது அங்கேயே தங்கிவிடும். டிரைவர் ஒதுங்கிக்கொள்ள, பழைய பயாஸ் அட்டவணையே மீண்டும் ஆட்சிக்கு வரும். இதற்கு மருந்து, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு கிரப்பைப் புதுப்பிப்பது மட்டுமே. அதை விட்டுவிட்டு எங்கிருந்தோ எடுத்த கட்டளைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. டிரைவரே இல்லாத இடத்தில் எந்தக் கட்டளையும் எடுபடாது.

எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளை இதை இன்னொரு விதமாகக் காட்டிக்கொடுக்கும். நல்ல நிலையில் அது எல்விடிஎஸ், விஜிஏ என்று ஒவ்வோர் இணைப்பையும் பெயர் சொல்லிப் பட்டியலிடும். டிரைவர் இல்லாதபோது, டெஸ்க்டாப்பைத் திரையில் வரையும் எக்ஸ் சர்வரில் டிஃபால்ட் என்று ஒரே ஓர் இணைப்பு வரும். குறைந்தபட்சம், தற்போது, அதிகபட்சம் என்ற மூன்று இடத்திலும் 1024×768 என்றே இருக்கும். இந்த வரியைக் கண்டவுடன் திரையை விட்டுவிட்டு டிரைவரைத் தேடப் போகலாம்.

நோமோட்செட் இல்லாமலும் டிரைவர் வராமல் போகக் காரணங்கள் உண்டு. ரேடியான் சிப்களில் பலவற்றுக்கு ஃபர்ம்வேர் கோப்பு தேவை. அது கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால் டெபியன் அதைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் வைக்காமல் இருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12-லிருந்துதான் சேர்த்தது. என்விடியாவில் கதை வேறு. ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசைகளுக்கான 340 என்ற மூடிய டிரைவருக்கு நிறுவனம் 2019 இறுதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. கெர்னல் புதுப்பிப்பு வந்த மறுநாள் அந்த டிரைவர் கட்டமைய மறுக்கும். நூவோ என்ற கட்டற்ற டிரைவரோ முன்பே தடைப்பட்டியலில் போடப்பட்டிருக்கும். இரண்டும் இல்லாமல் திரை அநாதையாக நிற்கும். பழைய டிரைவரை முழுக்க நீக்கி, தடையை எடுத்துவிட்டால் நூவோ வந்து திரையை மீட்டுவிடும். முப்பரிமாண விளையாட்டுகளுக்கு அது தோதில்லைதான். படிக்கவும் எழுதவும் தாராளமாகப் போதும்.

இன்டெல் பெயரிலேயே வந்த ஜிஎம்ஏ 500-ஐப் பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஆட்டம் செயலி கொண்ட சில நெட்புக்குகளில் இருந்த இதன் உள்ளே இருப்பது இமாஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பு. அதன் உள்விவரங்கள் வெளியிடப்படவில்லை. இன்டெல் சிப்புக்கு லினக்ஸில் சிக்கல் இருக்காது என்று நம்பி வாங்கியவர்கள் கலங்கிய திரையோடு ஆண்டுக்கணக்கில் தவித்தார்கள். ஆலன் காக்ஸ் எழுதிய ஜிஎம்ஏ500 டிரைவர் 2011-இல் கெர்னலின் சோதனைப் பகுதிக்கும், 2012-இல் 3.3 பதிப்பில் முக்கியப் பகுதிக்கும் வந்தது. முப்பரிமாண வேகம் இன்றுவரை இல்லை. திரையின் முழு அளவு மட்டும் கிடைத்தது. நான் இங்கே பேசுவதும் அந்த முழு அளவைப் பற்றித்தான் என்பதால், அவருக்குப் பெரிய நன்றி சொல்ல வேண்டும்.

டிரைவர் ஒழுங்காக வந்தும் அளவு குறைவாகவே நிற்கும் விசித்திரமான நிலை ஒன்று உண்டு. பழைய இன்டெல் சிப்களில் தொலைக்காட்சிக்கான வெளியீடு இருந்தது. லேப்டாப்பின் பக்கவாட்டில் அதற்கான துளையே இல்லாவிட்டாலும் சிப்புக்குள் அந்தச் சுற்று இருக்கும். எங்கும் இணையாத அந்தச் சுற்றைச் சோதித்துவிட்டு, டிவி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதாக டிரைவர் சில சமயம் நம்பிவிடும். உடனே இரண்டு திரைக்கும் பொதுவான அளவைத் தேடும். இல்லாத டிவிக்கும் இருக்கும் பேனலுக்கும் ஒத்துவருவது 1024×768 என்று முடிவாகும். எக்ஸ்ரேண்டர் பட்டியலில் டிவி அல்லது எஸ்-வீடியோ இணைந்திருப்பதாகக் காட்டினால் இதுதான் கோளாறு. கிரப்பில் வீடியோ என்ற அளபுருவுக்கு அந்த இணைப்பின் பெயரும், முக்காற்புள்ளியும், டி என்ற எழுத்தும் கொடுத்தால் அதை நிரந்தரமாக அணைத்துவிடலாம்.

2009-க்குப் பின் வந்த லேப்டாப்புகளில் வேறொரு எண் குழப்பம் செய்தது: 1366. 768 வரிக்கு 16:9 விகிதத்தில் அகலம் கண்டால் 1365.33. அதை 1366 ஆக்கிவிட்டார்கள். ஆனால் மானிட்டர் கணக்குகளில் அகலத்தை எட்டின் மடங்காக வைப்பது பழைய மரபு. 1366-ஐ எட்டால் வகுத்தால் 170.75. ஈடிஐடியில் நாம் மேலே பார்த்த விரிவான பகுதி எந்த எண்ணையும் ஏற்கும். அதே ஈடிஐடியின் சுருக்கப் பகுதியில் அகலத்தை எட்டால் வகுத்துத்தான் ஒரு பைட்டுக்குள் எழுத வேண்டும். அங்கே 1366-ஐ எழுதவே முடியாது. 1360 அல்லது 1368 என்று பொய் சொல்ல வேண்டும். இது தெரிந்து லினக்ஸ் கெர்னலின் ஈடிஐடி பகுதியிலேயே ஒரு திருத்தம் எழுதி வைத்திருக்கிறார்கள்: 1360×765 என்றோ 1368×769 என்றோ யாராவது சொன்னால், அவர் சொல்ல வந்தது 1366×768 என்று எடுத்துக்கொள். தரநிலை ஆவணத்தில் இடமில்லாத ஓர் எண்ணுக்கு நிரலாளர்கள் இப்படி இடம் கொடுத்ததை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

கைமுறையாகக் கணக்கிடும்போதும் இதே எண் தலைநீட்டும். திரை அளவுக்கேற்ற மோடு எண்களைக் கணக்கிடும் சிவிடி கட்டளையிடம் 1366, 768 என்று கொடுத்தால் அது 1368×768 என்று திருப்பித் தரும். பிக்சல் கடிகாரம் 85.25 மெகாஹெர்ட்ஸ். திரை பேசவே முடியாத நிலையில், அதாவது சில்லு கெட்டோ கம்பி அறுந்தோ இருந்தால், இந்த வரியை எக்ஸ்ரேண்டரிடம் கொடுத்துப் புதிய மோடாகச் சேர்க்கலாம். கணினியை மறுபடி தொடங்கினால் அது போய்விடும் என்பதால் எக்ஸ் சர்வரின் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். எக்ஸ் சர்வருக்கு மாற்றாக வந்த வேலண்ட் டெஸ்க்டாப்பில் எக்ஸ்ரேண்டர் எடுபடாது. அங்கே கிரப்பின் வீடியோ அளபுருதான் வழி. இன்னும் உறுதியான வழி, அதே மாதிரி பேனல் கொண்ட வேறொரு லேப்டாப்பின் ஈடிஐடி கோப்பைப் பிரதியெடுத்து ஃபர்ம்வேர் அடைவில் வைத்து, திரை சொல்வதற்குப் பதிலாக இதைப் படி என்று கெர்னலுக்குச் சொல்வது. கெர்னல் அதை ஏற்கும். பேனலின் மாதிரி எண் அதன் முதுகில் ஒட்டிய சீட்டில் இருக்கும்.

இந்தக் கைவைத்தியங்களுக்கு முன் இன்டெல் டிரைவருக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்துப் பாருங்கள். எல்விடிஎஸ் பேனலைத் தேடும் அதன் பகுதி முதலில் ஈடிஐடியைக் கேட்கும். பதில் இல்லையென்றால் வீடியோ பயாஸில் பேனலுக்கென்று எழுதப்பட்ட தனி அட்டவணையைப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால், பயாஸ் ஏற்கெனவே திரையை எந்த அளவில் எரியவிட்டிருக்கிறது என்று சிப்பின் பதிவேடுகளைப் படித்துத் தெரிந்துகொள்ளும். மூன்று கதவையும் தட்டிவிட்டுத்தான் கைவிடும். அதனால் சில்லு இறந்த பேனல்கள்கூட, யாரும் எதுவும் செய்யாமலே, சரியான அளவில் எரிவது உண்டு.

எல்லாம் முடிந்தபின் அளவு உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று பார்க்க அமைப்புப் பக்கத்தில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஜிம்ப்பில் திரையின் முழு அகலத்துக்கு ஒரு படம் எடுத்து, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று நெடுக மெல்லிய நிலைக்கோடுகள் இடுங்கள். அதை நூறு சதவீத அளவில், முழுத்திரையில் காட்டுங்கள். பேனலின் சொந்த அளவில் ஓடினால் திரை முழுக்க ஒரே சீரான நுண்கோடுகள் தெரியும். 1366 பேனலில் 1360 ஓடி அதை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தால், ஆறு பிக்சல் பற்றாக்குறை ஆறு மங்கிய பட்டைகளாக, சம இடைவெளியில், கோடுகளின் ஊடே நிற்கும்.